இடக்காலுக்கு இடக்கை

அன்புள்ள பாலா,

நீ பழக்குகிற பிள்ளை ஆஸ்திரேலியக் கால்பந்து உதைக்கிற வீடியோ நாலும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் சுகம். மெல்பேர்ண் குளிர் தொடங்கிவிட்டது. நீ நக்கலடிக்கமுதல் நானே சொல்லிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். "இவளுக்கு இடக்கால் சரிவராது" என்று தீர்ப்பே எழுதிவிட்டாய். குகனின் பந்துவீச்சுக்கும் நீ இதே தீர்ப்புத்தான் கொடுத்தாய், பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மூன்றாவது வீடியோவை மெதுவாக ஓடவிட்டு அவளின் கையைப் பார். இடக்காலால் உதைக்கும்போதும் பந்தைக் கீழே விடுவது வலக்கைதான். அந்தக் கை பந்தை உடம்புக்குக் குறுக்கே கொண்டு வருகிறது, வருகிற வழியிலேயே பந்து சரிந்துவிடுகிறது. பிறகு அந்த நீள்வட்டப் பந்தின் முனை பாதத்தில் படாது, வயிற்றுப்பக்கம்தான் படும். ட்ரொப் பன்ட், கையால் விட்டுத் தரையில் படமுதல் உதைக்கிற உதை, பின்பக்கமாகச் சுழன்று நேரே போகவேண்டியது. இவளுடையது பக்கவாட்டில் சுழன்று பத்து மீட்டரில் விழுகிறது. காலைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

வலக்காலுக்கு அவள் யோசிக்காமல் செய்கிற எல்லாவற்றையும் இடக்காலுக்குத் திருப்பிப் போடவேண்டும். பந்தின் கயிற்றுப் பின்னல் முன்னுக்குப் பார்க்கட்டும். விரல்களை விரித்து இரண்டு பக்கமும் பிடிக்கச் சொல்லு, இடக்கை சற்றுக் கீழே. பந்து இடது தொடைக்கு நேரே நிற்கவேண்டும், தொப்புளுக்கு நேரே அல்ல. முதலில் விலகுவது வலக்கை. அது மேலெழுந்து உடம்பின் சமநிலையைப் பிடிக்கும். இடக்கை பந்தை இடுப்பளவுக்கு இறக்கி, தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கிற மாதிரி ஆடாமல் விடவேண்டும். மேல்முனை உடம்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம், இடம் வலமாகச் சரியக்கூடாது.

முதல் கிழமை உதையே வேண்டாம். இடக்கையால் மட்டும் பந்தைத் தரையில் விடச் சொல்லு. முனையில் விழுந்து நேரே மேலெழும்பினால் சரி. பக்கத்துக்குத் துள்ளினால் விரல் எங்கோ இழுத்திருக்கிறது. அடுத்தது, நின்ற இடத்தில் மெல்லத் தட்டி, பின்சுழற்சியோடு தன் கைக்கே திரும்ப வரவைப்பது. அது வந்தபிறகு ஒரு அடி எடுத்துவைத்து எட்டு, பத்து மீட்டர் உதைக்கட்டும். அப்புறம் பதினைந்து. ஓடிக்கொண்டே உதைப்பது கடைசி.

இனி காலுக்கு வருவோம். பாதம் நீட்டி, கணுக்கால் இறுகியிருக்கவேண்டும். விரல்கள் மேலே நிமிர்ந்தால் பந்து உயர எழும்பி அங்கேயே விழும். பின்னால் சாய்ந்தாலும் அதே கதி. பந்து தொடர்ந்து வலப்பக்கம் போனால் கால் உடம்புக்குக் குறுக்கே வீசுகிறது என்று அர்த்தம், உடனே பந்து இடது தொடைக்கு நேரே நிற்கிறதா என்று பார். இன்னொன்று: விக்டோரியா பல்கலைக்கழகத்தில் கெவின் போல் என்ற ஆய்வாளர், ஏஎஃப்எல் என்ற உச்ச லீக் வீரர்களின் இரண்டு கால்களையும் ஒப்பிட்டு அளந்து 2011இல் வெளியிட்டார். பழகிய காலில் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி கூடிய வேகத்தில் சுழல்கிறது. பழகாத காலில் தொடையும் இடுப்பு மூட்டும் அதிகம் உழைக்கின்றன, ஆனாலும் பாதத்தின் வேகம் குறைவு. பெரிய வீரர்களுக்கே அப்படி. ஆகவே "பலமாக அடி" என்று கத்தாதே. பலமாக அடிக்கச் சொன்னால் முழுக்காலையும் வீசுவாள்.

தூரம் ஏன் தேவையில்லை என்றும் சொல்கிறேன். பெரியவர்களின் ஆட்டத்தில் மார்க் (உதைத்த பந்தை நேரே பிடித்தவருக்குத் தடையில்லாமல் உதைக்கிற உரிமை) கிடைக்கப் பந்து 15 மீட்டர் போனால் போதும். இருபது மீட்டருக்கு ஓடுகிறவளின் நெஞ்சுக்கு நேரே போட்டால் இடக்கால் சம்பளம் வாங்கிவிட்டது. வலப்பக்கத்தால் எதிரணிக்காரி நெருங்கும்போது வலக்காலுக்குத் திரும்பினால் பந்தை அவளிடமே காட்டுகிறாய். மறித்து விழுத்துவாள், ஹோல்டிங் த போல், அதாவது பந்தை விடாமல் வைத்திருந்தாய் என்று அவர்களுக்கு ஃப்ரீ கிக்கும் போகும். இடக்கால் இருந்தால் இடையில் உன் உடம்பு நிற்கும்.

நீ இப்போது ஏஎஃப்எல் கோல்காரன் ஃபிராங்க்ளினை இழுப்பாய். சரி, 2022இல் ஆயிரமாவது கோலும் இடக்கால்தான், வாழ்நாள் முழுக்க அநேகமாக ஒரே கால்தான். அந்த உயரமும் ஓட்டமும் வாய்த்தால் நானும் வாய்மூடிக்கொள்வேன். ஃபிராங்க்ளின் முன்பு ஆடிய ஹோதோர்ன் கழகத்திலேயே ஆடிய சாம் மிச்செலைப் பார். வேகம் பெரிதாக இல்லாத ஆள். எந்தக் கால் அவருடைய சொந்தக்கால் என்று பார்க்கிறவர்களுக்கே குழப்பம், மறிக்க வருகிறவன் எந்தப் பக்கத்தை அடைப்பான்? நாலு பிரீமியர்ஷிப், அதாவது லீக் பட்டம், 2012இன் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமும்.

ஒன்றைப் பகிடியாக எடுக்காதே. அவள் வளர்கிற வயது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலோ கவட்டுப் பக்கமோ நோகுது என்றால் அன்றைக்கே நிறுத்து, இரண்டு மூன்று நாளில் போகாவிட்டால் பிசியோவிடம் காட்டு. களைத்தபிறகு இடக்கால் பயிற்சி வேண்டாம், கால் சோரும்போது பழைய பிழைதான் ஊறும். உடம்பைச் சூடாக்கிய உடனே பத்து நிமிடம் போதும். ஆண்களின் 5ஆம் அளவுப் பந்தை அவளிடம் கொடுத்திருக்கிறாயே, பெண்களின் உச்ச லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூவில்கூட 4ஆம் அளவுதான். முதலில் அதை மாற்று. ஆட்ட நாளில் எல்லைக்கோட்டில் நின்று "இடது, இடது" என்று கூவாதே, அவளாகப் பாவிக்கட்டும்.

குகன் ஆகஸ்டில் வருகிறானாம். பனங்கட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் வேண்டுமென்றால் இப்பவே அவனுக்குச் சொல்லு, பிறகு என் பங்கில் கை வைக்காதே.

சினேகத்துடன்,
ரமணன்