கருவறையை எட்டும் தின்னர் வாடை

வின்னிபெக், கனடா

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். மலர்விழி மாதிரி நீதிமன்றப் போட்டிக்காகப் படிக்கும் வழக்கு, நான் குழந்தை மருத்துவனாகக் காலம் கழித்த இந்த ஊரில் எழுந்தது என்பதால், கர்ப்பிணிகள் போதைக்காகத் தின்னரும் பசையும் முகர்ந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று நீ கேட்ட மருத்துவ விவரங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெயிண்ட் தின்னரிலும் பலவகைப் பசைகளிலும் உள்ள டொலுயீன் என்ற கரைப்பான், கொழுப்பில் எளிதில் கரைவதால், தாயின் மூளையை எட்டுவதுபோலவே நஞ்சுக்கொடியையும் எளிதில் கடந்து சிசுவிடம் போய்விடுகிறது. தொழிற்சாலைக் காற்றில் இதற்கு அமெரிக்கச் சட்டம் வைத்த சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 200 பங்கு. போதைக்காகத் துணியில் நனைத்து முகர்பவர்கள் உள்ளிழுப்பதோ ஆயிரக்கணக்கில். இப்படி முகரும் கர்ப்பிணிகளிடம் மதுவும் சிகரெட்டும் அரைப்பட்டினியும் சேர்ந்தே இருப்பதால், எது எதன் விளைவு என்று பிரித்தறிவது கடினம். அதனால்தான் டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், கருவுற்ற எலிகளைக் குறுகிய நேரம் மிக அதிக அளவில் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள்; குட்டிகள் எடை குறைந்து பிறந்தன.

மனிதக் குழந்தைகளைப் பற்றி 1994இல் வெளியான ஓர் ஆய்வு, கருவில் டொலுயீனுக்கு உள்ளான 18 பேரை விவரித்தது. பிறந்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே தலை சிறுத்திருந்தது. பின்னர் அளந்தபோது அது மூன்றில் இரண்டு பங்கானது. அதாவது, பிறந்த அன்று தலைச் சுற்றளவு சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைய முடியாது. பெரும்பாலோருக்கு வளர்ச்சி தாமதப்பட்டது. மெல்லிய மேலுதடு, குறுகிய கண்கள், சிறிய தாடை என முக அமைப்பு மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுடையதை ஒத்திருப்பதால், மருத்துவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. தாயின் சிறுநீரகமும் தப்புவதில்லை: இரத்தத்தில் அமிலம் மிகுந்து, பொட்டாசியம் சரிந்து, எழுந்து நிற்கவும் வலுவின்றி வந்து, குறைமாதத்தில் பிரசவிப்பார்கள்.

எங்கள் பிரிவில் சில குழந்தைகளின் துணியை விலக்கும்போதே செவிலியர்கள் தின்னர் வாடையை உணர்ந்துவிடுவார்கள். ஓரிரு நாளில் கைகால் நடுக்கம் தொடங்கும். கூரிய குரலில் ஓயாது அழுவார்கள், பாலை உறிஞ்ச மாட்டார்கள். போதை அறுபடும் வேதனைதான் அது.

இனி வழக்கு. 1996 ஆகஸ்டில், பசை முகரும் பழக்கத்துக்கு அடிமையான, ஐந்து மாதக் கர்ப்பிணியான 22 வயதுப் பழங்குடிப் பெண்ணைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப இங்குள்ள மனிடோபா மாகாண நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். அவருடைய முந்தைய குழந்தைகளில் இருவர் இதே பழக்கத்தால் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். மேல்முறையீட்டில் உத்தரவு ரத்தானது. 1997 அக்டோபர் 31 அன்று கனடா உச்ச நீதிமன்றமும் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ரத்தையே உறுதிசெய்தது. உயிருடன் பிறக்கும் வரை கருவுக்குச் சட்டப்படி தனி நபர் என்ற தகுதி இல்லை என்பதோடு, அடைத்து வைப்பார்கள் என்ற அச்சம் கர்ப்பிணிகளை மருத்துவர்களிடமிருந்தே விரட்டிவிடும் என்றும் நீதிபதி மெக்லாக்லின் எழுதினார். பாதிப்பின் கொடுமையைக் கண்ணால் கண்ட நானும் இதில் அவர் பக்கமே. பலரும் கவனியாத ஒன்றுண்டு: அந்தப் பெண் முன்பு தாமாகவே சிகிச்சை தேடிச் சென்று, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். கதவைச் சாத்திய பிறகு கைவிலங்கைத் தேடுவது என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மலர்விழி எந்தத் தரப்புக்கு வாதாடுகிறாள் என்று நீ எழுதவில்லை. எதுவானாலும், பெரும்பான்மைக்கு எதிராக, மேஜர் என்ற பெயருடைய நீதிபதி எழுதிய மாறுபட்ட தீர்ப்பை முதலில் படிக்கச் சொல். எதிரணி அதிலிருந்துதான் கேள்வி எடுக்கும்.

அன்புடன்,
இராமநாதன்