கார்த்திகையில் கப்பல் விடாதே

நாகப்பட்டினம்,
கார்த்திகை 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். குழந்தைகளுக்காக நீ எழுதுகிற சோழர் காலத்துக் கதையின் ஏழு அத்தியாயமும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. போனில் படித்தால் கண் எரிகிறது என்று கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். 64 பக்கம். கடைப் பையன் "என்ன டீச்சர், கதையா?" என்று முதல் தாளை எடுத்தவன், மெஷின் ஓடி நின்ற பிறகும் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் வருவதெல்லாம் சிவப்பு மை.

இங்கே நாலு நாளாக மழை. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். அக்கரைப்பேட்டையில் ஒரு படகு நகரவில்லை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உன் முதல் அத்தியாயத்தைப் பிரித்தால், 'கார்த்திகைப் பௌர்ணமியன்று சோழர் கடற்படை நாகையிலிருந்து கடாரம் நோக்கிப் புறப்பட்டது' என்று இருக்கிறது! கடாரம் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய மலேசியாவில். எங்கே போய்ச் சேரும்? கோடிக்கரை தாண்டாது. வாடையும் கொண்டலும் முகத்தில் அடிக்கிற மாதம் இது. பாய்மரக் கப்பல் கிழக்கே போக வேண்டுமானால் தென்மேற்குக் காற்று முதுகில் தள்ள வேண்டும். திரும்பி வர தை, மாசி வாடைக்குக் காத்திருக்க வேண்டும். இடையில் இருக்கிற மாதமெல்லாம் அக்கரையில்தான் சோறு. இந்த ஊரில் பிறந்த பெண் நீ. உன் கதையில் வருகிற மாலுமிகளுக்கு உன்னைவிடக் காற்று தெரிந்திருக்கும் என்பதையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

கோபித்துக்கொள்ளாதே. எந்தத் துறையில் ஏறினார்கள், எந்த மாதம், எத்தனை கப்பல் என்றெல்லாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கல்வெட்டின் தலைப்பில் வருகிற அந்தப் புகழ்ப்பாட்டு, சொல்லவில்லை. அலைகடல் நடுவே பல கலம் செலுத்தினான் என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டு, பிடித்த ஊர்களை அடுக்கிக்கொண்டு போகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம், கடைசியில் கடாரம். 1025 என்ற வருஷம்கூட அவன் ஆட்சியாண்டை வைத்து நாம் போட்ட கணக்கு. அந்தப் 'பல கலம்' இருக்கிறதே, அதற்குள் உன் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அதில் யார் இருந்தார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் ராத்திரி அழுதார்கள் என்று கல்லில் இல்லை. அங்கே நீ ராணி. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதில் உனக்கு அதிகாரம் கிடையாது. குழந்தைகள் இதைக் கண்டுபிடித்துவிடும். உன் சின்னவனே கேட்பான், அவனுக்குப் பத்து வயதாகிறதல்லவா.

அடுத்தது சாப்பாடு. இரண்டாம் அத்தியாயத்தில் அம்மாக்காரி பையனுக்குக் கட்டிக்கொடுக்கிற மூட்டையில் மிளகாய்ப் பொடி, கடலை மிட்டாய். மூன்றாவதில் கப்பலில் தக்காளிக் குழம்பு. அடியே! மிளகாய், தக்காளி, நிலக்கடலை மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியன் வருவதற்கு முன்னால் நம் நாட்டில் ஒரு மிளகாய் விதை கிடையாது. அவன் கோழிக்கோட்டில் இறங்கினது 1498. உருளைக்கிழங்கு, முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் அந்த வகைதான். உறைப்பு என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி. மூட்டையில் அவலும் வெல்லமும் புளியும் கருவாடும் வை. கருவாட்டு வாசனை அடிக்கிற மூட்டையை எந்தப் பிள்ளையும் மறக்காது.

மூன்றாம் அத்தியாயத்தில் கப்பல் தலைவன் தொலைநோக்கியை எடுத்துக் கரையைத் தேடுகிறான். தொலைநோக்கி வந்தது 1608 வாக்கில், ஒல்லாந்தில். அறுநூறு வருஷம் முன்னால் போய்விட்டாய். எடுத்துவிடு, ஆனால் இடத்தைக் காலியாக விடாதே. பெரிய திருவடி சேவை நாட்களில் பாட்டி முணுமுணுப்பாளே, குலசேகர ஆழ்வார் பாசுரம், எங்கும் பறந்து போய்க் கரை காணாமல் திரும்பவும் கப்பலின் பாய்மரக் கூம்பிலேயே வந்து உட்காருகிற பறவை என்று. பக்திக்குச் சொன்ன உவமைதான். ஆனால் நடுக்கடலில் மாலுமிகள் பறவையைப் பார்த்துக் கரை தேடியதைத் தெரிந்த ஒருவர்தான் அப்படிச் சொல்ல முடியும். பௌத்தர்களின் பாலிக் கதைகளிலும் கரை தேட அவிழ்த்துவிடுகிற பறவை வருகிறது. கரை தெரிந்தால் போய்விடும், தெரியாவிட்டால் கப்பலுக்கே திரும்பும். உன் பையனிடம் ஒரு காக்காயைக் கொடு. அவன் அதற்குச் சோறு போட்டுப் பழக்கட்டும். ஒருநாள் தலைவன் அதை அவிழ்த்துவிடச் சொல்வான். அது திரும்பி வராவிட்டால் எல்லாரும் கும்மாளம் போடுவார்கள். அவன் ஒருத்தன் மட்டும் அழுவான். உன் தொலைநோக்கியால் இது முடியுமா?

பையன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நாகப்பட்டினத்துப் பரதவர் வீட்டில் 'ஆதவ்' என்று எவள் பேர் வைத்தாள்? சாத்தன் என்று வை. கல்வெட்டைத் திறந்தால் நாலு வரிக்கு ஒரு சாத்தன் வருவான்.

அவன் குதிரையில் வருவதையும் மாற்று. 1950-இல் கல்கி வீராணத்து ஏரிக்கரையில் ஒரு குதிரையை விட்டார். அன்றிலிருந்து நம் சரித்திரக் கதைக்காரர்கள் எல்லாரும் அதே குதிரையில் ஏறிக்கொண்டுதான் வருகிறார்கள். உன் தாத்தா வாராவாரம் தொடரைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்ட் செய்தவர்; அந்த ஐந்து பாகம் இன்னும் பரண்மேல் இருக்கிறது. குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் குதிரையே கடல் தாண்டி அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த சாமான், தெரியுமா? மீனவப் பையன் அதன்மேல் ஏற மாட்டான். அதைக் கப்பலிலிருந்து இறக்குகிற இடத்தில் நின்று வாயைப் பிளந்து பார்ப்பான். அப்படி எழுது.

கப்பலில் அவனுக்கு என்ன வேலை? பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாளெடுத்து மூன்று பேரை வெட்டுகிறான் என்று ஆறாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஆணி அடிக்காமல் பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டுகிற கலங்கள் இந்தக் கடலில் ஓடின. தையல் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். ராத்திரி பகலாக இறைத்துக்கொட்ட ஆள் வேண்டும். சாத்தன் தண்ணீர் இறைக்கட்டும். கப்பலின் அடிவயிற்றில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மேலே பேசுகிற ரகசியமெல்லாம் காதில் விழும். சாகசம் தானே வரும்.

பேச்சு மொழிக்கும் வருகிறேன். 'அடே மூடனே, யாதுரைத்தாய்' என்று ஏன் எல்லாரும் நாடக மேடையில் நிற்கிறார்கள்? பெரிய கோயில் விமானத்துக் கல்வெட்டில் ராஜராஜன் என்ன சொல்கிறான்? நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும் கல்லில் வெட்டு என்கிறான். 'கொடுத்தன' இல்லை, குடுத்தன! அக்காவை அக்கன் என்கிறான். இப்பேர்ப்பட்ட சக்கரவர்த்தியே நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி பேசுகிறான், உன் தோணிக்காரன் யாப்பிலக்கணம் பேசுகிறான். அதே கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்கள், கோயிலில் ஆடிப் பாடினவர்கள், நானூறு பேர், எந்தத் தெரு, தெருவின் எந்தப் பக்கத்துச் சிறகு, எத்தனையாவது வீடு என்று பேரோடு இருக்கிறார்கள். சின்ன மனிதர்களை மறக்காத கல்வெட்டு அது. வகுப்பில் நான் இதைச் சொன்னால் பிள்ளைகள் ராஜாவை விட்டுவிட்டு, தெருவில் முதல் வீடு யாருடையது என்றுதான் கேட்கும்.

இனி முக்கியமான விஷயம். இதற்காகத்தான் கடிதமே, போனில் சொன்னால் நீ பாதியில் 'சரிம்மா சரிம்மா' என்பாய்.

உன் கடாரத்து ராஜா முறுக்கு மீசையோடு ஹஹ்ஹஹ்ஹா என்று சிரிக்கிறான். அவன் ஆட்கள் எல்லாரும் கயவர்கள். அவர்களை அடக்கத்தான் சோழன் போகிறான். ரொம்ப சௌகரியம். ஆனால் பாப்பா, அந்தக் கடாரத்துக்காரன்தானே நம் ஊரில் புத்த விகாரம் கட்டினான்? கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய ராஜா மாறவிஜயோத்துங்கவர்மன், தன் அப்பா பேரில் சூடாமணி விகாரம். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் எழுதிவைத்தான், தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில். அப்பா கொடுத்த கொடையைச் செப்பேட்டில் ஏற்றி நிலைக்கவைத்தவன் யார்? இதே ராஜேந்திரன். 21 ஏடு, அவன் முத்திரை போட்ட வளையம். ஒல்லாந்தர் கொண்டுபோய் லெய்டனில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் செப்பேடு ஒரு கையில், கடாரத்துக்குக் கப்பல் இன்னொரு கையில். நடுவே இருபது வருஷம்கூட இல்லை.

ஏன் போனான்? சீனத்து வாணிகத்துக்கு ஸ்ரீவிஜயம் குறுக்கே நின்றிருக்கலாம், அல்லது வெறுமனே திக்விஜய ஆசையாக இருக்கலாம் என்று, சோழர் சரித்திரம் எழுதின நீலகண்ட சாஸ்திரியார் இரண்டையும் சொல்லிவிட்டு இரண்டாவது பக்கம் சாய்கிறார். வேறு பேர் முதல் பக்கம். பெரியவர்களே முடிவு கட்டாததை நீ ஒரு முறுக்கு மீசையில் முடித்துவிட்டாய்.

சாத்தனுக்குப் பன்னிரண்டு வயது என்றால் அவன் பிறந்தபோதே விகாரம் எழும்பிவிட்டது. அதன் நிழலில்தான் விளையாடியிருப்பான். அங்கே கடாரத்திலிருந்து வந்த வியாபாரியின் பிள்ளை ஒருத்தன் அவனுக்குக் கூட்டாளியாக இருக்கமாட்டானா? கரை தேடும் பறவைக் கதையை ஒரு பிக்கு அவனுக்குச் சொல்லியிருக்கமாட்டாரா? கப்பல்களில் யானை ஏற்றுகிற அன்றைக்குக் காலையில் அந்தக் கூட்டாளி எங்கே நிற்கிறான், சாத்தன் அவன் முகத்தைப் பார்க்கிறானா, இல்லையா? நான் கேட்கிறது அந்த ஒரு பக்கம்தான். அதை எழுதிவிட்டாயானால் வாள்சண்டை எதுவும் வேண்டாம், நான் விடிய விடியப் படிப்பேன்.

உனக்கு எட்டு வயதில் எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? வெண்கல அறையில் நாகப்பட்டினத்துப் புத்தர்கள். இங்கே மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது 350-க்கு மேல். 'நம்ம ஊர் சாமி ஏன் இங்க வந்துச்சு, யார் பொதைச்சாங்க?' என்று நீ கேட்டுக்கொண்டே வந்தாய். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன். விகாரத்தோடு சேர்ந்ததென்று சொல்கிற செங்கல் கோபுரம் ஒன்று 1867 வரை இங்கே நின்றது, அதையும் இடித்துவிட்டார்கள். அன்றைக்கு நீ கேட்ட கேள்வியை இப்போது உன் கதையில் தேடினேன். கிடைக்கவில்லை.

இன்னொன்று சொல்லி விடுகிறேன். ராஜராஜன் சீனத்துக்குத் தூது அனுப்பினான். 52 பேர். போய்ச் சேர 1,150 நாள் ஆனதாகச் சீனக் குறிப்பு சொல்கிறது. மூன்று வருஷத்துக்கு மேல்! 1015-இல் சீன அரசவைக்குள் நுழைகிறார்கள். அனுப்பின ராஜா 1014-லேயே போய்விட்டான். செத்துப்போனவன் கொடுத்த முத்தையும் யானைத் தந்தத்தையும் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள், தெரியாமலே. சாத்தனின் தாய்மாமன் அந்த 52 பேரில் ஒருத்தனாக இருக்கட்டுமே. கடாரத்துத் துறைமுகம் அவனுக்குத் தெரிந்திருக்கும். அங்கே அவனுக்குச் சோறு போட்டவர்கள் வீடும் தெரிந்திருக்கும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் கடலை 'நீலப் பட்டு விரித்தாற்போல்' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டேன். 2004-இல் நீ ஹாஸ்டலில் இருந்தாய். நான் இங்கே இருந்தேன்.

நல்லதும் இருக்கிறது. நாலாம் அத்தியாயத்தில் ராத்திரி காவலில் இருக்கிற கிழவன் தன் அம்மா பேரை மறந்துபோய்த் தவிக்கிறானே, அந்த இடத்தில் ஒரு எழுத்தையும் தொடாதே. அது உன்னுடையது.

மாப்பிள்ளைக்குக் கால்வலி தேவலையா? தைலம் ஒரு பாட்டில் இதோடு வைத்திருக்கிறேன். திருத்தின பிரிண்டும் இதே பார்சலில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது சின்னவனை மட்டும் என்னிடம் ஒரு நாள் விடு, ஆனைமங்கலம் கூட்டிப்போகிறேன், பஸ்ஸில் போய் வந்துவிடலாம். அங்கே பெரிதாகப் பார்க்க எதுவும் இல்லைதான், வயலும் ஊரும். ஆனால் சோழர் காலத்தில் ஒரு ஊரைக் கொடையாகக் கொடுக்கும்போது பெண்யானையை நடக்கவிட்டு எல்லை குறிப்பார்கள், கல்லும் கள்ளியும் நடுவார்கள் என்று வரப்பில் நின்று சொன்னால் அவன் யானை நடந்த வழியைத் தேடுவான் என்று நினைக்கிறேன்.

எட்டாம் அத்தியாயம் எழுதினதும் அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. ஜெராக்ஸ் கடைப் பையனும் அடுத்தது எப்போது என்று கேட்டான்.

அன்புடன்,
அம்மா