எதற்கெடுத்தாலும் ஃபார்மேட்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே இசையமைப்பவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மைக் தேர்வு பற்றியும், அறையின் எதிரொலியை அடக்குவது பற்றியும் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால், கணினி அடிக்கடி ஹேங்க் ஆனால் ஃபார்மேட் செய்யுங்கள் (எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுங்கள்), அப்படியும் கேட்காவிட்டால் கூடுதலாக ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) போடுங்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாளையங்கோட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். வில்லுப்பாட்டு, கோயில் கொடை விழாப் பாடல்கள், தேவாலயக் கீதங்கள், தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு எல்லாம் ஒரே கணினியில்தான் பதிவாகின்றன. அது நின்றால் என் பிழைப்பும் நிற்கும்.

கணினி மக்கர் செய்வதில் பல விதம் உண்டு. பாட்டு ஓடும்போது கடுகு வெடிப்பதுபோல் சத்தம் வருவது ஒரு கோளாறு. இசை மென்பொருள் மட்டும் சட்டென்று மூடிக்கொள்வது இன்னொன்று. மௌஸ்கூட அசையாமல் திரை அப்படியே உறைந்துபோவதும், மொத்தமும் அணைந்து தானாகவே மறுபடி உயிர்பெறுவதும் முற்றிலும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து எப்படிச் சரியாகும்?

வெடிக்கும் சத்தம்தான் எளிது. ஒரு நொடி ஒலி என்பது கணினிக்குப் பொதுவாக 44,100 துணுக்குகள். பஃபரை, அதாவது கணினி ஒரே மூச்சில் கையாளும் துணுக்குகளின் எண்ணிக்கையை, 64 என்று வைத்தால், அடுத்த பகுதியைத் தயார் செய்ய அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை மில்லி நொடி. 1024 என்று வைத்தால் 23 மில்லி நொடி. பாடுபவர் தன் குரலை ஹெட்போனில் கேட்டபடி பாடும்போது சிறிய எண்ணும், பதிவான ஒலிகளை ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்கில் உட்காரும்போது பெரிய எண்ணும் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை ஓய்ந்துவிடும். அப்படியும் வெடித்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள். லேட்டன்சிமான் என்ற மென்பொருளைச் சிறிது நேரம் ஓடவிட்டால், எந்த டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்கும் சிறு நிரல்) வழிமறிக்கிறது என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும்.

மென்பொருள் மட்டும் மூடிக்கொள்கிறதா? விண்டோஸில் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணுள்ள பிழைப் பதிவைப் பார்க்க வேண்டும். எந்தக் கோப்பில் தடுக்கி விழுந்தது என்று அதில் இருக்கும். பல சமயம் ஏதாவது ஒரு ப்ளக்-இன்னின் (இசை மென்பொருளோடு சேர்த்து ஓடும் துணை நிரலின்) பெயர் வரும். (பூட்டு உடைத்த திருட்டு ப்ளக்-இன்களை வைத்துக்கொண்டு கணினியைத் திட்டுபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.) ரீப்பர் என்ற இசை மென்பொருளில் சந்தேகப்படும் ப்ளக்-இன்னை மட்டும் பிரித்துத் தனியாக ஓட்டும் வசதி இருக்கிறது. அது விழுந்தாலும் பாட்டு தப்பித்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்தால் இந்தப் பதிவுகள் எல்லாம் முதலில் அழிந்துபோகும். தடயத்தைக் கழுவிவிட்டுத் திருடனைத் தேடும் வேலை அது.

எனக்கு வந்தது உறைந்துபோகும் ரகம். வில்லுப்பாட்டுக் குழு ஒன்று பாடி முடித்துவிட்டது. இடையிசைக்குக் கணினியில் உள்ள வயலின் கூட்டத்தின் ஒலித்தொகுப்பைச் சேர்க்கும்போதெல்லாம் திரை கல்லாகிவிடும். கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே நாலு பக்கம் தட்டச்சு செய்தார்கள், ஒரு வீடியோ ஓட்டினார்கள். "அண்ணாச்சி, நன்றாகத்தானே ஓடுகிறது" என்று சொல்லி ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, வாங்கிய ப்ளக்-இன்கள் ஒவ்வொன்றுக்கும் உரிமத்தை மறுபடி ஏற்றி, வயலினைத் திறந்தேன். பழையபடி கல்.

காரணம் இதுதான். கடிதம் தட்டச்சு செய்பவரின் கணினி ரேமில் ஓர் ஓரத்தை மட்டுமே தொடுகிறது. இசைக்கருவிகளின் ஒலிகளைப் பதிந்துவைத்த நூலகங்களோ ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் முன்கூட்டியே ரேமில் கொண்டுவந்து வைக்கும். முழு வயலின் கூட்டத்தையும் திறந்தால் என் கணினியின் 32 ஜிபி ரேமில் பெரும்பகுதி நிரம்பிவிடும். பழுது உள்ள மூலையை அப்போதுதான் அது தொடுகிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற கருவியை பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் திரையில் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள் வரிசையாக நின்றன. பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை நிறுத்திப் பார்த்தேன், சிவப்பு போகவில்லை. பிறகு ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகச் செருகிச் சோதித்ததில் ஒன்று கெட்டது என்று தெரிந்தது. உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஒரு பைசா செலவில்லை. கட்டுரையாளர் சொன்னபடி கூடுதல் ரேம் வாங்கிச் செருகியிருந்தால் கெட்டதும் உள்ளேயே இருந்திருக்கும், புது ரேமுக்குக் கொடுத்த பணமும் போயிருக்கும்.

தானாக அணைந்து எழும் கணினிக்கு மின்சாரமும் சூடும்தான் முதல் சந்தேகம். எங்கள் தொழிலில் விசிறிச் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று கணினியை மர அலமாரிக்குள் பூட்டிவைக்கிறோம்; பதிவு நேரத்தில் ஏசியையும் அணைத்துவிடுகிறோம். சித்திரை மாதத்துத் திருநெல்வேலியில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கும்? அலமாரியின் பின்பலகையைக் கழற்றிவிட்டாலே பல கணினிகள் பிழைத்துக்கொள்ளும்.

சில சமயம் குற்றம் கணினியின் மூளையான பிராசசர் சில்லிலேயே இருக்கும். இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சிலவற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய் நிலைதடுமாறுவதை 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்கான திருத்தம் பயாஸ் புதுப்பிப்பாக வந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே சேதமான சில்லை அந்தத் திருத்தமும் மீட்காது, மாற்றித்தான் வாங்க வேண்டும். அந்தச் சில்லு வைத்திருப்பவர் நூறு முறை ஃபார்மேட் செய்தாலும் என்ன பயன்? இந்த நீட்டிப்பு பற்றித் தெரியாமல் புதுக் கணினி வாங்கக் கடன் தேடும் இளைஞர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த இதழிலாவது ஈவென்ட் வியூவரைப் படிப்பது எப்படி, ரேமைச் சோதிப்பது எப்படி என்று கணினித் திரையின் படங்களோடு தமிழில் ஒரு விளக்கம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மைக் விளம்பரத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.