தண்ணீர் ஏறுவதற்குள் அளந்துவிடுங்கள்

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கண்மாய்ப் பணிகளை நடத்தும் நீர்வளத்துறை, ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்களுக்கும்

வணக்கம்.

கட்டடத்தில் செங்கல் குறைந்தால் பத்து வருடம் கழித்தும் இடித்துப் பார்த்து எண்ணலாம். கண்மாயில் அது நடக்காது. ஐப்பசி மழை இறங்கி நீர் ஏறிவிட்டால், எவ்வளவு ஆழம் தூர் வாரினார்கள் என்பது எம்-புக்கில் (அளவைப் பதிவேட்டில்) இருக்கும் வெறும் எண். அடுத்த கோடையில் வற்றும்போது புது வண்டல் படிந்திருக்கும். "தோண்டினோம், மறுபடி மூடிக்கொண்டது" என்றால் மறுத்துப் பேச ஆதாரம் இராது. தணிக்கைக் குழு வரும் நேரத்தில் அவர்கள் கைக்குக் கிடைப்பது காகிதம்தான். காகிதம் எப்போதும் சரியாகவே இருக்கும்.

யாரையும் குற்றஞ்சாட்டி இதை எழுதவில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று காட்டவே எழுதுகிறோம்.

வேலைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை லெவல் (தரையின் மட்டம்) எடுத்து, வித்தியாசத்தைப் பரப்பால் பெருக்கினால் வெட்டிய மண்ணின் கன அளவு வரும். ஆகவே தொடக்க லெவலை எழுதுகிறவர் கையில்தான் பில் இருக்கிறது. 40 ஹெக்டேர் உள்வாயில் (கண்மாயில் நீர் நிற்கும் தரையில்) தொடக்க லெவலை 10 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண், உயர்த்தி எழுதினால் 40,000 கன மீட்டர் மண் ஒரு கூடைகூட நகராமல் வெட்டப்பட்டுவிடும். மூன்று யூனிட் டிப்பரில் சுமார் 8.5 கன மீட்டர் பிடிக்கும். கணக்குப்படி 4,700 நடை. வெட்டிய மண் பொங்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் ஆயிரம் நடையாவது கூட ஓடியிருக்க வேண்டும். டீசல் எவ்வளவு, எத்தனை வண்டி, எத்தனை நாள் என்று கேட்டாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

செல்போனில் எடுக்கும் ஜியோ டேக் படத்தை இதற்கு மருந்தாக நினைக்கிறார்கள். அது இடத்தைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. பழைய முறையே மேல்: வெட்டும் பரப்பில் ஆங்காங்கே தோண்டாமல் மண் திட்டுகளை விட்டுவைப்பது. திட்டின் தலைதான் பழைய தரை. அதன் தலையில் மண் போட்டு உயர்த்தும் கெட்டிக்காரத்தனமும் உண்டு. பக்கவாட்டில் செதுக்கினால் பழைய புல்வேர் நிற்கும் மட்டம் தெரிந்துவிடும். வெளியாள் வந்து அளந்த பிறகே திட்டுகளை எடுக்க வேண்டும். லெவலுக்கு ஆதாரப் புள்ளியாகக் கலுங்கின் (மிகுநீர் வழியும் கல்கட்டின்) மேல்மட்டத்தையும் மடையின் அடித்தளத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். நட்ட முளைக்குச்சி நகரும், கல் நகராது.

புட்டுக்கு மண் சுமந்த கதையில்கூட ஆளுக்கு இவ்வளவு கரை என்று வைகையை அளந்துதான் பிரித்துவிட்டார்கள். அதனால்தான் வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது கண்ணில் பட்டது.

அடுத்தது ஒரே மண்ணை இரண்டு முறை எண்ணுவது. வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் இலவசமாக வண்டல் அள்ளுகிறார்கள், நல்ல திட்டம். ஆனால் அவர்கள் அள்ளிய பள்ளம் அதே கண்மாயின் தூர்வாரும் பில்லிலும் ஏறினால் பிடிக்க இன்று வழியில்லை, ஏனென்றால் அனுமதிப் பதிவேடு ஒரு அலுவலகத்தில், எம்-புக் வேறொன்றில். இரண்டையும் சர்வே எண் வாரியாக ஒரே மேசையில் விரித்தால் போதும். சீமைக் கருவேலமும் இப்படித்தான். விறகுக்கும் கரிக்கும் விலை போகும் மரம் அது. மரத்தையும் இலவசமாகக் கொடுத்து, வெட்டுகூலியும் கொடுத்தால் அரசுக்கு இரட்டை நட்டம். தரையோடு அறுத்துவிட்டால் மழைக்குத் தளிர்க்கும், மறு வருடம் அதே இடத்துக்கு மறுபடி மதிப்பீடு. தூரோடு பிடுங்கிய குழி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே பணம் தர வேண்டும்.

வீண் செலவு வேறு வகை. மடைத்தளத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் ஆடு மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும். ஆயக்கட்டு வயலுக்கு, அதாவது கண்மாய்ப் பாசன வயலுக்குப் பாயாது. வெட்ட எளிது என்று கரையடியில் தோண்டினால் கரைக்கே ஆபத்து. வெட்டிய மண்ணைக் கரைமேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி, நனைத்து, ரோலர் ஓட்ட வேண்டும். கொட்டிவிட்டு ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டுப் போனால் முதல் மழையிலேயே ஓடை விழும். கன அளவு துல்லியமாக இருக்கும், கரை இருக்காது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைத்துக் கிடக்கும்போது உள்வாயை ஆழமாக்குவதையும் இதில்தான் சேர்க்க வேண்டும்.

மரக்கன்றுத் திட்டங்களைப் பற்றி ஒரே வரி: வாங்கிய கன்றை எண்ணாதீர்கள், மூன்றாம் கோடை தாண்டிய மரத்தை எண்ணுங்கள்.

யார் அளப்பது? சம்பளம், இடமாற்றம், பில் இம்மூன்றும் வேலை செய்யும் துறையின் கையில் இல்லாத ஒருவர். 2017இல் குடிமராமத்து (கண்மாயை ஊராரே பராமரிக்கும் திட்டம்) ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, விவசாயிகளின் 10 விழுக்காடு பங்களிப்பே கண்காணிப்பு என்று நம்பப்பட்டது. சங்கத்தின் பெயரில் வேறொருவர் இயந்திரம் ஓட்டினால் அந்த நம்பிக்கை அங்கேயே முடிந்தது. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கொடுத்தது. 2017இல் மேகாலயம் பல துறைத் திட்டங்களுக்கும் சேர்த்துச் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் போட்டது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. பணி நடக்கும் கண்மாய்களில் பத்தில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். வெளிமாவட்டப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையை அனுப்பி, திட்டின் தலையில் முன் லெவலும் வெட்டிய தரையில் பின் லெவலும் எடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கான கட்டணம் அந்த வேலையின் மதிப்பீட்டிலிருந்து போகக் கூடாது. எந்தக் கண்மாய் என்பது இயந்திரம் இறங்கிய பிறகுதான் தெரிய வேண்டும் என்றால், எல்லாக் கண்மாயிலும் திட்டு விட்டே ஆக வேண்டும். முறையின் பலம் அதில்தான். அவர்கள் அளவுக்கும் எம்-புக்குக்கும் 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் கடைசி பில்லை நிறுத்துங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு, வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் குடிமக்களுக்கு ஏற்கெனவே உரிமை தந்திருக்கிறது. ஆனால் மனுவுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம். புரட்டாசியில் போட்ட மனுவுக்கு ஐப்பசியில் அனுமதி வந்தால் பரிசலில்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஆகவே மனுவுக்குக் காத்திராமல், இயந்திரம் இறங்கும் முன்பே தொடக்க லெவல்கள், வெட்டும் பரப்பு, ஆழம், மொத்தக் கன மீட்டர், மண் போகும் இடம் ஆகிய ஐந்தையும் கலுங்குச் சுவரில் பெயின்டால் எழுதுங்கள். பேனர் வேண்டாம், காற்றில் கிழிந்துபோகும்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரக் கண்மாய் ஆயக்கட்டுதாரர்களும் அளவைப் பணி தெரிந்தவர்களும்