பருவ இறுதிக் கடிதம்: பிள்ளைகளின் வெற்றிகளும் கண்காட்சிப் பயணமும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. பேச்சுப்போட்டி, ஓவியப்போட்டி, ஓட்டப்பந்தயம் என்று எல்லாவற்றிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. மதிப்பெண் அட்டைகள் பள்ளி திறக்கும் அன்று கிடைக்கும். அனைவருக்கும் வாழ்த்துகள்.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போய்வந்த கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அறிவியல் புனைகதைப் படங்களுக்காகச் செய்த உடைகள், முகமூடிகள், ஆயுதங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டும் கண்காட்சி அது. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் நாயகன் கையிலிருந்த ஒளிவாளின் பிடி, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வைத்திருந்த கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் பிடிதான் என்று வழிகாட்டி சொன்னார். உடனே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “எங்க தாத்தா கேமராவையும் பிரிச்சுப் பாக்கலாமா சார்?” என்று கேட்டான். (அந்தத் தாத்தா கேமராவைப் பத்திரப்படுத்திக்கொள்ளட்டும்.) அதே படத்தில் ஆர்2-டி2 என்ற குட்டி ரோபோவுக்குள் உட்கார்ந்து நடித்த கென்னி பேக்கரின் உயரம் 112 சென்டிமீட்டர்தான் என்றதும், ஏழாம் வகுப்பு மொத்தமும் சுவரோரம் நின்று அளந்து பார்த்துக்கொண்டது.

இனி, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயம்.

துணைக்கு வந்த பெற்றோரில் பெரும்பாலோர் எங்களுக்கு உண்மையிலேயே வலது கையாக இருந்தார்கள். ஆனால் சிலர், பேருந்தில் இரண்டு முறை சொல்லியும், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார்கள். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியும் எடுத்தார்கள். பிள்ளையின் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றும், எனக்கும் புரிகிறது. எச்சரிக்கை மணி மூன்று முறை அடித்தது. ஊழியர்கள் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத்தான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை ஒரு மாணவன் என் அறைக்கு வந்து ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தான். காம்பஸுக்குப் பக்கத்தில் பஞ்சு வைத்து, அதன் மேல் நகம் அளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு துணுக்கு. வேற்றுக்கிரகவாசி முகமூடியின் காதோரத்திலிருந்து உதிர்ந்தது. “தொட்டுப் பாத்தேன் சார், கையோட வந்துருச்சு. ‘பரவாயில்ல, பாக்கெட்ல போட்டுக்க’ன்னாங்க.” யார் அப்படிச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இங்கே எழுதியிருப்பதும் அவனிடம் கேட்டுக்கொண்டுதான்.

இந்த முகமூடிகளைப் பெரும்பாலும் நுரை ரப்பரில்தான் செய்தார்கள். சில வாரப் படப்பிடிப்புக்குத் தாங்கினால் போதும் என்று செய்த பொருள் அது. காற்றும் வெளிச்சமும் பட்டுப்பட்டு, ஆண்டுகள் போகப் போக இறுகிப்போகும், விரல் வைத்தால் பொடியாகும். துணிக்கோ வெளிச்சமே பகை. வெளுத்த சாயம் திரும்ப வராது. அதனால்தான் அருங்காட்சியகங்களில் பழைய உடைகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில், மங்கலாகத்தான் விளக்கு வைப்பது வழக்கம். “உள்ளே ஒரே இருட்டு, ஒரு லைட் போட்டால் என்ன குறைந்துவிடும்?” என்று என்னிடம் கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பயணத்திலிருந்து, துணைக்கு வரும் பெற்றோர் வாசலிலேயே கைபேசியை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். அவசர அழைப்புக்கு ஆசிரியரின் எண் இருக்கும். கயிற்றைத் தாண்டுகிறவர்களை, பிள்ளையைத் தாண்டவைக்கிறவர்களை, மறுமுறை அழைக்க மாட்டோம். பிள்ளைகளுக்கு ஒரு விதி, பெரியவர்களுக்கு ஒரு விதி என்று நடத்த என்னால் முடியாது. இதில் பேச்சுக்கு இடமில்லை. அந்த மாணவன் மீது மட்டும் எந்த நடவடிக்கையும் கிடையாது. அறுபது பேரில் தானாக வந்து சொன்னவன் அவன் ஒருவன்தான்.

துணுக்கை மன்னிப்புக் கடிதத்தோடு அனுப்பிவைத்தோம். அதற்குள் கண்காட்சி அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தது. ஒட்ட முடியுமா என்று பார்ப்பதாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். இழப்பீடு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சங்கடம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இவ்வளவு எழுதிவிட்டு நன்றி சொல்லாமல் முடித்தால் தப்பாகிவிடும். திரும்பும் வழியெல்லாம் வாந்தியெடுத்த ஒரு பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு வந்த அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கேட்கிறது ஏழாம் வகுப்பு. அவருடைய பிள்ளை படிப்பது எட்டாம் வகுப்பில். எட்டுப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்ற அப்பா, கண்காட்சியைப் பார்க்கவே இல்லை. உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறோம். அடுத்த பருவமும் போவோம், நீங்களும் வர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பேருந்தில் கிடந்த மூன்று தண்ணீர் பாட்டில்களும் இடது கால் ஷூ ஒன்றும் அலுவலகத்தில் இருக்கின்றன. ஒற்றைக் காலில் வீட்டுக்கு வந்த பிள்ளை யாருடையது என்று தெரிந்தால் வந்து வாங்கிக்கொள்ளவும்.