சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு வாக்காளர் அட்டை

மதிப்புக்குரிய தேர்தல்கள் ஆணைக்குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு, திருகோணமலையில் எங்கள் பக்கத்து வீட்டுக்குத் தபால்காரர் வாக்காளர் அட்டை ஒன்று கொண்டுவந்தார். அட்டைக்குரியவள் குவைத்தில் ஒரு வீட்டில் சமையலுக்கு நிற்கிறாள். வெளிநாட்டில் நிற்பவர்கள் அங்கிருந்தே வாக்களிக்க வழியில்லை என்பதால், அவளுடைய அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அந்த வழியைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அந்த நாட்களில்தான் தேநீர்க் கடையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "வாக்கு எல்லாருக்கும் குடுக்கிற சாமானில்லை. படிச்சவன், வரி கட்டுறவன் போட்டாப் போதும்" என்றார். பழைய கதைதான். எல்லாருக்கும் வாக்கு என்ற சர்வசன வாக்குரிமையை, அந்தக் காலத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனே எதிர்த்தவர். அதையும் மீறி 1931இல் 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குக் கிடைத்தது. பறிக்கவும் அதிக காலம் எடுக்கவில்லை. 1947இல் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரைப் பிரஜைகள் இல்லை என்றாக்கியது, அடுத்த வருடத் தேர்தல் திருத்தம் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றது. 1952 தேர்தலில் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. வாக்கை யாரோ தரும் சலுகையாக நினைத்தவர்கள் செய்த வேலை அது.

இன்றைய அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை வாக்குரிமையை மக்களின் இறைமைக்குள் வைத்திருக்கிறது. சரி, அப்படியானால் குவைத்தில் நிற்கும் அந்தப் பிள்ளையிடம் என்ன குறை? இலங்கைப் பிரஜை. 18 வயது தாண்டியவள். பெயர் இடாப்பில் இருக்கிறது. சிறைக்கும் போகவில்லை.  

கடமை காரணமாகத் தன் வாக்குச்சாவடிக்குப் போக முடியாத அரச உத்தியோகத்தருக்குத் தபால்மூல வாக்கு உண்டு. நல்ல ஏற்பாடு, என் வீட்டிலும் ஒருவர் அப்படித்தான் போடுகிறார். குவைத்தில் நிற்பவளும் வேலைக்குத்தானே போனாள்? 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, வங்கி வழியாகப் பணம் அனுப்புங்கள் என்று இவர்களைத்தானே கேட்டோம்?

வெளிநாட்டுத் தூதரகங்களில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க முடிகிறது. அங்கேயே ஒரு வாக்குப்பெட்டி வைக்க எந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று எழுதிப் பாராளுமன்றத்துக்கு அனுப்புங்கள். அதை எங்களுக்கும் தமிழில் வெளியிடுங்கள். மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். கேட்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

போன கிழமை படங்களைத் துடைக்கும்போது அந்த அட்டை கீழே விழுந்தது. "இதை வைச்சிருக்கவா தம்பி, எறியவா?" என்று அவளுடைய அம்மா கேட்டார். வைத்திருங்கள் அம்மா என்றேன்.

இப்படிக்கு,
திருகோணமலை நகர வாக்காளன் ஒருவன்