கரையிலேயே நில்லுங்கள்: பறவைப் படமெடுக்க வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமைக் குளங்களுக்குக் கேமராவோடு வந்து போகும் ஒளிப்படக் கலைஞர்களுக்கு,

வணக்கம். பறவைகள் வந்து கூடும் கூந்தன்குளத்தையோ விஜயநாராயணத்தையோ திருப்புடைமருதூரையோ உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எந்த மாதத்தில் எந்தக் குளத்தில் எந்தப் பறவை வந்திறங்கியிருக்கிறது என்பது, குளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் எனக்குத் தெரிவதற்கு முன்பே உங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே முன்கதை ஏதும் சொல்லாமல் நேராகவே கேட்டுவிடுகிறேன்: பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் மாதங்களில் தயவுசெய்து குளத்துக்குள் இறங்காதீர்கள்; கரையிலேயே நில்லுங்கள்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பணிக்கொடைப் பணத்தில், வீட்டில் உள்ளவர்களின் முணுமுணுப்பையும் மீறி, ஒரு கேமராவும் தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸும் வாங்கி எட்டு ஆண்டுகளாகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். கொல்லையில் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டிலிருந்து ராஜஸ்தானத்துப் பரத்பூர்ப் பறவைச் சரணாலயம் வரை அந்தச் சுமை என் தோளில் வந்திருக்கிறது. எனவே படமெடுக்காதீர்கள் என்று சொல்லும் தகுதியும் எண்ணமும் எனக்கு இல்லை.

கடந்த மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு அங்கே இருபது கார்கள் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். சரணாலயப் பலகை எதுவும் இல்லாத பாசனக் குளம் அது. தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் தேங்கிக் கிடக்க, அதைச் சுற்றியிருந்த நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு வைத்திருந்தன. முந்தைய வாரம்தான் எண்ணினேன், 53 கூடுகள். பெரும்பாலானவற்றில் வெள்ளைத் தூவி மாறாத குஞ்சுகள்.

காலை பத்தே முக்காலுக்கு இரண்டு கார்களில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். முதலில் ஒரு ட்ரோன் எழும்பியது. அது கருவேலங்களின் உச்சிக்குப் போன மாத்திரத்தில் தாய்ப்பறவைகள் மொத்தமாகக் கிளம்பி மேலே வட்டமிடத் தொடங்கின. பிறகு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நான்கு பேர் சேற்றுக்குள் இறங்கி மரங்களுக்கு நேர் கீழே போய் நின்றார்கள். நான் கரையில் நடந்து சென்று, தம்பி, குஞ்சுகள் இருக்கின்றன, மேலே வந்துவிடுங்கள் என்றேன். ட்ரோனைப் பிடித்திருந்த இளைஞர் மிகவும் மரியாதையாகவே பதில் சொன்னார்: “ரெண்டே நிமிஷம், அங்கிள்.”

கணக்கு வாத்தியாரிடம் நிமிடக் கணக்கைச் சொன்னால் அவன் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கமாட்டான். அந்த இரண்டு நிமிடம் 38 நிமிடம் நீடித்தது.

வெயில் காலத்தில் நாரைக் கூட்டை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். உச்சிப் பொழுதில் தாயோ தந்தையோ சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரு சிறகுகளையும் பந்தல்போல் விரித்து, அந்த நிழலுக்குள் குஞ்சுகளை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். நாமெல்லாம் ஆசை ஆசையாய் எடுக்கும் படம் அது. பங்குனி வெயிலில் அந்தப் பந்தலை 38 நிமிடம் பிரித்துப் போட்டால் உள்ளே இருப்பவற்றுக்கு என்ன ஆகும் என்பதை அன்று என் லென்ஸ் வழியாகவே பார்த்தேன். குஞ்சுகள் வாயைப் பிளந்து தொண்டை துடிக்கக் கிடந்தன. காகங்கள் வந்துவிட்டன; இரண்டு கூடுகளில் முட்டை போயிற்று. ட்ரோன் தாழ வந்தபோது மிரண்டு பின்வாங்கிய குஞ்சு ஒன்று கூட்டின் விளிம்பிலிருந்து கீழே சேற்றில் விழுந்தது. விழுந்த குஞ்சுக்குத் தாய் இறங்கிவந்து இரை கொடுப்பதில்லை. கரையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். என் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஏன் சார்வாள், இவ்வோ படம் பிடிக்க வந்தாவளா, பறவையப் பத்த வந்தாவளா?” பத்துவது என்றால் எங்கள் பக்கத்தில் விரட்டுவது.

சாயங்காலம் அந்தக் குஞ்சு செத்துப்போயிற்று. அடுத்த நாள் அதே குளத்துப் படங்கள் இணையத்தில் வந்தன. இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று தலைப்பிட்டிருந்தார்கள். எண்ணூறு பேருக்குமேல் விருப்பக்குறி இட்டிருந்தார்கள்.

நானும் உத்தமன் இல்லை. கேமரா வாங்கிய புதிதில், கட்டாந்தரையில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவி ஒன்றைப் படமெடுப்பதற்காக, முன்னால் மறைத்த கோரைப்புல்லை ஒதுக்கிவிட்டேன். படம் துல்லியமாக வந்தது. மறுநாள் நான்கு முட்டைகளும் இல்லை. தின்றது கீரியா காகமா என்று தெரியாது. வழி காட்டிக் கொடுத்தது நான். அந்தப் படத்தை இன்றுவரை யாரிடமும் காட்டியதில்லை.

சரணாலய எல்லைக்கு வெளியே நடந்தால் யார் கேட்பது என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு இருப்பதாகத் தோன்றுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருளை ஒருமுறை படித்துப் பாருங்கள். பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வது அதற்குள்ளேயே அடங்குகிறது. துப்பாக்கியோடு வந்தவனுக்கும் ட்ரோனோடு வந்தவருக்கும் சட்டம் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறது.

கரையில் நின்றால் படம் கிடைக்காது என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை 80 மீட்டர் தூரத்தில் நின்றால், 600 மி.மீ. லென்ஸில் அதன் உருவம், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின்மேல் ஏழரை மி.மீ. உயரத்துக்கு விழும். ஃபுல் பிரேம் சென்சாரின் உயரமே 24 மி.மீ.தான், அதாவது படத்தின் உயரத்தில் மூன்றிலொரு பங்கு. அதைவிடச் சிறிய கிராப் சென்சார் என்றால் ஏறக்குறைய பாதி. கூடு, கிளை, குஞ்சு, பின்னால் தண்ணீர் என்று எல்லாம் அமைவதற்கு இதைவிட நெருக்கம் எதற்கு? இன்னொன்றையும் கவனியுங்கள். நம் சீமை மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரிந்து கிடப்பதால், பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம் அமைந்திருக்கிறது. விடிந்ததும் கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வெளிச்சம் முழுவதும் பறவையின்மேல் விழும். கரை போட்டவர்கள் உங்களுக்கென்றே போட்டதுபோல் இருக்கிறது, நீங்கள் பத்தே முக்காலுக்கு வந்து சேற்றில் இறங்குகிறீர்கள். அந்த நேரத்தில் கானல் அலையடித்து எந்த லென்ஸும் ஒழுங்காகக் குவியாது என்பது தனிக்கதை.

கூடுகளோடு நின்றாலாவது பரவாயில்லை. மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் பகலில் தண்ணீரோரம் ஓய்ந்திருக்கும்போது, பறக்கும் படம் வேண்டுமென்று மண்ணாங்கட்டியை விட்டெறிந்து கிளப்புகிறார்கள். திரும்பிப் போகும் வழிக்காக அவை உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை நாம் ஒரு படத்துக்காகச் செலவழிக்க வைக்கிறோம். அந்திப் பொழுதில் கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு ஆறுமணிக் குருவியை ஏமாற்றி வரவழைப்பதைப் பயிற்சி வகுப்பிலேயே, கட்டணம் வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொடுக்கிறார்களாம். இனி மரத்தைச் சற்று உலுக்கிக் காட்டும் ஆளையும் அந்தக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டால் வசதியாக இருக்கும்.

பொறுத்துக்கொள்ளுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. பணிவாகக் கேட்பதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கூந்தன்குளத்து ஜனங்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பதை நீங்கள் எல்லோரும் பெருமையாக எழுதுகிறீர்கள். அவ்வூரில் குழந்தைகள்கூட வெடி கேட்டு அழாமல் இருக்கும்போது, விருந்தாளியாக வரும் நாம் ட்ரோனை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குவது அப்படியொன்றும் பெரிய தியாகமாகாது. ஊர்க்காரர்களின் விருப்பத்தினால் 2005ஆம் ஆண்டில் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட திருப்புடைமருதூரும் இதே சீமையில், தாமிரபரணிக் கரையில்தான் இருக்கிறது. பறவைக்காக ஊரே ஒதுங்கி நிற்கும் சீமை இது. நீங்களும் கரையில் நில்லுங்கள் என்பதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. படத்தை வெளியிடும்போது குளத்தின் பெயரையும் இருப்பிடக் குறியையும் குஞ்சுகள் பறக்கும்வரை மறைத்துவைத்தால் இன்னும் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாவிட்டால் தை பிறக்கும்போது குளம் நிறைந்திருக்கும். அப்போது வாருங்கள். காலை ஐந்தரைக்கு மடைக்குப் பக்கத்தில் நிற்பேன். பிளாஸ்க்கில் கருப்பட்டிக் காப்பி இருக்கும். சுள்ளி கவ்விக்கொண்டு வரும் நாரை எந்தத் திசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தாழ்ந்து இறங்கும், அதற்குக் கரையில் எந்தப் பனைமரத்தடியில் நிற்க வேண்டும் என்று காட்டுகிறேன். கால்சட்டையைச் சுருட்ட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்,
திருநெல்வேலிச் சீமை.